பம்மல் தண்ணீர் ஒரு கேன்

சிட்லபாக்கம்,
8-12-2005

சுவிசேஷமுத்துவுக்கு,

நீ செய்த தப்பு இதுதான். கேம்ப் ரோடு விடுதியில் பதினோரு பேர் வாந்தியும் பேதியுமாகப் படுத்ததற்கு என் வீட்டில் வளர்ந்த பயறு முளைதான் காரணம் என்று மேனேஜரிடம் சொன்னாய். சொன்னதோடு நிற்கவில்லை. என் விலாசத்தையும் கொடுத்தாய்.

அந்த மேனேஜர் ஹேமநாத் போன வியாழக்கிழமை ஜீப்பில் வந்தார். கூட இரண்டு பேர். செருப்பைக் கழற்றாமல் முளை இருக்கும் இருட்டறைக்குள் நுழைந்து, நாலு பானையையும் இழுத்து வந்து வாசலில் கவிழ்த்தார்கள். வெளிச்சமே படாமல் மூன்று நாள் வளர்ந்த முளை வெயிலில் புழு மாதிரிக் கிடந்தது. டிரைவர் கேட்கிறான், “இன்னாம்மா, சாக்கடைத் தண்ணி வுட்டு வளக்குறியா?” தெரு முழுக்கக் கேட்டது. எங்கள் கிணற்றில் தண்ணீர் எடுக்க வந்த பக்கத்து வீட்டு அபிதகுஜாம்பாள் மாமி, குடத்தை இடுப்பில் வைத்தபடி அப்படியே நின்றார். அவர் என்னைப் பார்க்கவில்லை. முளையைப் பார்த்தார். அதுதான் எனக்குப் பொறுக்கவில்லை.

எனக்கு அறுபத்தைந்து வயது. இதே ஊரில் பிறந்து இதே ஊரில் வாழ்க்கைப்பட்டவள். ஐந்தாவதுக்கு மேல் பள்ளிக்கூடம் போகவில்லை. ஆனால் நூலகத்தில் இயற்கை உணவுப் புத்தகம் ஒன்று விடாமல் படித்திருக்கிறேன். மூன்று வருஷத்துக்கு முன்னால் நீ வந்து, “அக்கா, கொரியாக்காரங்க தங்குற விடுதியில சமைக்கேன். அவங்களுக்குப் பயறு முளை வேணும். நம்ம சுண்டல் மாதிரி மூக்கு மட்டும் எட்டிப் பாத்தாப் போதாது. விரல் நீளம் வேணும், பால் மாதிரி வெள்ளையா இருக்கணும்” என்றாய். எப்படி வளர்ப்பது என்று உனக்கே தெரியாது. வெளிச்சம் படக் கூடாது என்பது மட்டும்தான் தெரியும். மற்றதெல்லாம் நான் கண்டுபிடித்தது. அடியில் ஓட்டை போட்ட பானை, மேலே ஈரச் சாக்கு, சாக்கின் மேல் பலகை, பலகையின் மேல் அம்மிக் குழவி. பாரம் இருந்தால்தான் தண்டு பருக்கும் என்பது நான் படித்த எந்தப் புத்தகத்திலும் இல்லை. எட்டுப் பானை அழுகிய பிறகு தெரிந்துகொண்டேன்.

கெட்டது எங்கே என்று எனக்குத் தெரியும். சனிக்கிழமை சாயங்காலம் என்னிடம் வாங்கும் முளையை நீ நேராக விடுதிக்குக் கொண்டுபோவதில்லை. பம்மலுக்குக் கொண்டுபோய், உன் வீட்டுத் தண்ணீரில் அலசி, மறுநாள் காலையில்தான் கொண்டுபோகிறாய். தோல் பதனிடுகிற கழிவு ஊறின மண்ணின் தண்ணீர். என் கிணறு என் மாமனார் வெட்டியது. இரண்டு வருஷத்துக்கு முன்னால் தெருவே லாரித் தண்ணீருக்கு வரிசையில் நின்றபோதும் வற்றாதது. நாற்பத்தாறு வருஷமாகக் குடிக்கிறேன். தினமும் ஒரு கைப்பிடி முளையைப் பச்சையாகத் தின்கிறேன். எனக்கு ஒரு தலைவலி கிடையாது.

நீ மேனேஜரிடம் போய், கெட்டது பம்மல் தண்ணீரால் என்று சொல்ல வேண்டும். போன் செய்யாதே. உன் குரலைக் கேட்க எனக்கு இஷ்டமில்லை. வீட்டுக்கும் வராதே, கேட் பூட்டியிருக்கிறது. பதிலைத் தபாலில் போடு.

சாமுண்டீஸ்வரி


பம்மல்,
14-12-2005

மரியாதைக்குரிய அக்காவுக்கு,

சுவிசேஷமுத்து எழுதுவது. ரயில்வே கேட்டைத் தாண்டி ஒரு ஷேர் ஆட்டோ பிடித்தால் வந்து சேருகிற தூரத்தில் இருந்துகொண்டு, ஐந்து ரூபாய்த் தபால் தலை ஒட்டி எழுதுகிறேன். என் மனைவி பார்த்துச் சிரிக்கிறாள். நீங்கள் வர வேண்டாம் என்றதால் வரவில்லை.

நான் மேனேஜரிடம் என்ன சொன்னேன் என்பதை அப்படியே எழுதுகிறேன். “முளை எங்கேயிருந்து வாங்கினே?” என்றார். “சிட்லபாக்கத்துல ஒரு அம்மாகிட்ட” என்றேன். “விலாசம்?” என்றார். சொன்னேன். அவ்வளவுதான் அக்கா. உங்கள் முளை கெட்டது என்று என் வாயிலிருந்து வரவில்லை. கேட்டதற்குப் பதில் சொல்லாமல் நின்றிருந்தால் இன்னும் மோசமாக நினைத்திருப்பார்கள். ஜீப்பில் வந்து பானையைக் கவிழ்ப்பார்கள் என்று நான் கனவிலும் நினைக்கவில்லை.

என்னையும் அந்த இடத்திலேயே வேலையை விட்டு அனுப்பிவிட்டார்கள். பதினாறு வருஷம் கப்பலில் சமைத்தபோது கையில் வைத்திருந்த கத்தி, அந்த அடுப்படியிலேயே கிடக்கிறது. போய்க் கேட்க முகம் இல்லை. பெருங்களத்தூரில் ஜி.எஸ்.டி. ரோட்டில் புதிதாகத் திறக்கப் போகிற சைனீஸ் ஓட்டலில் சமைத்துக் காட்டினேன். பிடித்திருக்கிறது. ஆனால் கடைசியாக வேலை பார்த்த இடத்திலிருந்து கடிதம் வேண்டும் என்கிறார்கள். ஹேமநாத் சார் எப்படித் தருவார்? இப்போதைக்கு பஸ் ஸ்டாப் பக்கம் தள்ளுவண்டியில் நூடுல்ஸ் வதக்கிக்கொண்டிருக்கிறேன். முளை இல்லாத நூடுல்ஸ். கடிக்கும்போது நறுக்கென்று சத்தம் இல்லை. யாரும் கேட்பதும் இல்லை.

பம்மல் தண்ணீரைப் பற்றி எழுதியிருந்தீர்கள். பம்மல் தண்ணீரைப் பற்றி யார் வேண்டுமானாலும் எது வேண்டுமானாலும் சொல்லலாம், நாங்கள் பழகிவிட்டோம். உப்புதான், ஒத்துக்கொள்கிறேன்.

இன்னொரு விஷயம் எழுத வந்தேன். எழுதலாமா வேண்டாமா என்று இரண்டு நாள் பேனாவைக் கையில் வைத்திருந்தேன். வேண்டாம் என்று விட்டுவிட்டேன். உங்கள் உடம்பைப் பார்த்துக்கொள்ளுங்கள்.

தங்கள் தம்பி,
சுவிசேஷமுத்து


சிட்லபாக்கம்,
22-12-2005

சுவிசேஷமுத்துவுக்கு,

“எழுத வந்தேன், விட்டுவிட்டேன்” என்று எழுதுகிற மனிதனை என்ன சொல்வது? விட்டுவிட்டேன் என்பதையும் சேர்த்து விட்டிருக்க வேண்டும். சனிக்கிழமைகளில் எதிரும் புதிருமாக உட்கார்ந்து ஆறு கிலோ முளைக்கு வால் கிள்ளுவோமே, அப்போதும் நீ இப்படித்தான். வாய் வரைக்கும் கொண்டுவந்து விழுங்குவாய். ஆனால் வால் கிள்ளும்போது நீ பொய் சொன்னதில்லை. காகிதத்தில் எப்படியோ எனக்குத் தெரியாது.

நான் வாயால் வழக்காடப் போவதில்லை. செய்து பார்த்துவிட்டேன்.

நம் ஷேர் ஆட்டோ ஜெயவேலுவிடம் கேன் கொடுத்து, உன் வீட்டுக் குழாயில் தண்ணீர் பிடித்து வரச் சொன்னேன். உன் பெண்சாதி, “அக்காவுக்கு எங்க உப்புத் தண்ணி எதுக்கு?” என்று கேட்டாளாம். அவன், “யாருக்குத் தெரியும்க்கா, சவாரி குட்த்தாங்க, வந்துகினேன்” என்றானாம். இரண்டு பானை வைத்தேன். ஒரே பயறு, ஒரே சாக்கு, ஒரே இருட்டு, ஒரே எடை. ஒரு பானைக்கு என் கிணற்றுத் தண்ணீர், இன்னொன்றுக்கு உன்னுடையது. நாலு மணி நேரத்துக்கு ஒரு தரம் இரண்டுக்கும் நானே ஊற்றினேன். ஐந்து நாள்.

நேற்று திறந்தேன். என் பானை பலகையைத் தூக்கிக்கொண்டு நிற்கிறது. தண்டு சுண்டுவிரல் தடிமன், உடைத்தால் தண்ணீர் தெறிக்கிறது. உன் பானையில் பாதி முளைக்கவேயில்லை. முளைத்தது ஒரு அங்குலம். நுனி பழுப்பு. ஜெயவேலுவைக் கூப்பிட்டுக் காட்டினேன். “இத்த பாத்தா பாவமா கீதும்மா” என்றான்.

பயறு பொய் சொல்லாது. ஆறு தலைமுறை பயிர் வைத்த குடும்பம் எங்களுடையது. எது நன்றாக வளருகிறதோ அதன் தண்ணீர் நல்ல தண்ணீர். வழக்கு தீர்ந்தது. நீ மேனேஜரிடம் போ.

சாமுண்டீஸ்வரி


பம்மல்,
29-12-2005

அன்புள்ள அக்காவுக்கு,

கிறிஸ்துமஸ் முடிந்தது. ஒவ்வொரு வருஷமும் உங்கள் வீட்டுக்குக் கேக் கொண்டுவருவேன். இந்த வருஷமும் ஒரு துண்டு எடுத்து வைத்தேன். எறும்பு வந்துவிட்டது.

விழுங்கினதைக் கக்கச் சொல்லிவிட்டீர்கள். எழுதுகிறேன். முதலில் முளையைப் பற்றி எழுதுகிறேன், கோபப்படாமல் படியுங்கள்.

கப்பல் எந்தத் துறைமுகத்தில் நின்றாலும் நான் இறங்கிப் போய் அந்த ஊர் அடுப்படியைத்தான் பார்ப்பேன். கொரியாவின் பூசானில் முளையைக் கொதிக்கிற தண்ணீரில் ஒரு நிமிஷம் போட்டு, எடுத்துப் பிழிந்து, பூண்டும் நல்லெண்ணெயும் உப்பும் போட்டுப் பிசைகிறார்கள். அந்த நல்லெண்ணெய் நம்முடையது மாதிரி இல்லை, எள்ளை வறுத்து ஆட்டியது. ஹாங்காங்கில் புகை வருகிற இரும்புச் சட்டியில் போட்டு முப்பது எண்ணுவதற்குள் இறக்குகிறார்கள். பினாங்கில் வேகவைத்த கோழியோடு ஒரு தட்டு முளை, அதையும் கொதிநீரில் காட்டித்தான் வைக்கிறார்கள். இந்தோனேசியாக்காரர்கள் வேர்க்கடலைக் குழம்பை மேலே ஊற்றுகிறார்கள், அதற்கும் முன்னால் வெந்நீர். வியட்நாமின் சைகோனில் மட்டும் பச்சையாகத் தட்டில் வைத்தார்கள். எனக்கு ஆச்சரியமாக இருந்தது. அப்புறம் பார்த்தால், ஆவி பறக்கிற மாட்டெலும்புச் சாற்றில் அவரவர் முக்கித்தான் தின்கிறார்கள். இத்தனை ஊரில் இத்தனை விதம். நான் பார்த்த இடத்தில் சூடு படாமல் ஒன்றும் வாய்க்குப் போகவில்லை. ஈரமும் கதகதப்பும் இருட்டும் முளைக்கு மட்டுமா பிடிக்கும்? கெட்ட கிருமிக்கும் அதுதானே வீடு. பயறுக்கு எருவாக இருப்பது வயிற்றுக்கு நோயாக இருக்கலாம் அக்கா. பானை நிமிர்ந்து நிற்பதை வைத்துத் தண்ணீரை எடை போட முடியாது.

இப்போது அந்த ஞாயிற்றுக்கிழமை. நவம்பர் இருபத்தேழு. கொரியாக்காரப் பொறியாளரின் குழந்தைக்கு ஒரு வயது நிறைகிற விருந்து. சனிக்கிழமை வாங்கிய ஆறு கிலோவை எப்போதும் போல அலசி, வேகவைத்து, பிசைந்து வைத்தேன். அது தவிர, அன்று விடியற்காலையில் நான் கிளம்பும்போது நீங்கள் ஜெயவேலு ஆட்டோவில் வந்து எங்கள் வாசலிலேயே இறங்கினீர்கள். எவர்சில்வர் டப்பா ஒன்று கொடுத்தீர்கள். அன்றைக்குப் பறித்த முளை, வால் கிள்ளியது, ஒன்று போல அடுக்கியது. சொன்னீர்கள்: “கொயந்தைக்குப் பொறந்த நாளு. இது என் சீர். இத்தயும் வெந்நீர்ல போட்டுக் கொல்லாத. உசுரோட இருக்கறத உசுரோட குடு.” மூன்று வருஷமாக நான் வேகவைப்பதைப் பார்த்து நீங்கள் வருத்தப்பட்டது எனக்குத் தெரியும். ஒரு நாளாவது உங்கள் மனசுப்படி நடக்கட்டும் என்று, எலுமிச்சம்பழம் பிழிந்து பச்சையாகவே வைத்தேன்.

அதைத் தின்றவர்கள் பதினோரு பேர். படுத்தவர்களும் அந்தப் பதினோரு பேர்தான். குழந்தைக்குக் கொடுக்கவில்லை, கர்த்தருக்கு நன்றி. குழந்தையின் தாய்க்கு நாலு நாள் ஆஸ்பத்திரியில் குளுக்கோஸ் ஏறியது.

அந்த டப்பா பம்மல் தண்ணீரைப் பார்க்கவே இல்லை அக்கா. விடுதியில்தான் மூடியைத் திறந்தேன்.

மேனேஜர், “ஏன்யா வேக வெக்கல?” என்றார். “மறந்துட்டேன் சார்” என்றேன். அதற்காகத்தான் வேலை போனது. நீங்கள் சொல்லி வைத்தேன் என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை. இப்போதும் சொல்லப் போவதில்லை. எழுதச் சொன்னதால் எழுதினேன்.

எங்கள் மாடியில் குடியிருக்கும் மஹாலட்சுமி சுகாதார நிலையத்தில் நர்ஸ். தண்ணீர் பார்க்கிற சின்ன பாட்டில் மூன்று தந்தார். கோடு வரைக்கும் தண்ணீர் ஊற்றி மூடி ஒன்றரை நாள் வைக்க வேண்டும். கழிவு கலந்திருந்தால் கறுத்துவிடும். ஒன்று எனக்கு. இரண்டை ஜெயவேலுவிடம் கொடுத்தனுப்புகிறேன்.

சுவிசேஷமுத்து


சிட்லபாக்கம்,
7-1-2006

சுவிசேஷமுத்துவுக்கு,

நான் அப்படிச் சொன்னதாக எனக்கு ஞாபகம் இல்லை.

டப்பா கொடுத்தது உண்டு. அலமாரியில் அந்த இடம் காலியாகத்தான் இருக்கிறது. ஆனால் பச்சையாகக் கொடு என்று சொன்னேனா? சொல்லியிருந்தாலும் சமையல்காரன் நீயா நானா? பதினாறு வருஷம் ஊர் ஊராகப் பார்த்தவன், அறுபத்தைந்து வயதுக் கிழவி சொன்னாள் என்று செய்வாயா? செய்துவிட்டு, மறந்துட்டேன் என்று யார் உன்னைப் பொய் சொல்லச் சொன்னது? எனக்காக நீ பொய் சொல்ல நான் கேட்டேனா? உன் தயவில் நல்லவளாக இருக்க எனக்கு அவசியமில்லை.

உன் பாட்டில் இரண்டும் வந்தன. தொடவில்லை. கிணற்றைச் சந்தேகப்பட்டுப் பார்ப்பது என் மாமனாரைச் சந்தேகப்படுவது. அவர் இருபத்திரண்டு அடி தோண்டி, ஊற்று பார்த்து, முதல் வாளியை எனக்குத்தான் கொடுத்தார். அப்போது எனக்குக் கல்யாணமாகிப் பத்து நாள்.

இங்கே வேறு கவலை. அபிதகுஜாம்பாள் மாமிக்கு மஞ்சள் காமாலை. கண்ணெல்லாம் மஞ்சள் பூத்து ஆஸ்பத்திரியில் சேர்த்திருக்கிறார்கள். எழுபது வயது. அவர் மருமகள் நேற்று வந்து, “மாமி, அம்மாவுக்கு ஆஸ்பத்திரித் தண்ணி ஒத்துக்கலை. உங்க கிணத்துத் தண்ணிதான் வேணுங்கறா. ஒரு கேன் எடுத்துக்கட்டுமா?” என்று கேட்டாள். எடுத்துக்கொள் என்றேன். கேன் நிறைகிற வரை நின்றுகொண்டிருந்தேன்.

ஏன் இதை உனக்கு எழுதுகிறேன் என்று தெரியவில்லை.

சாமுண்டீஸ்வரி


பம்மல்,
12-1-2006

அக்காவுக்கு,

கடிதம் இன்றுதான் கிடைத்தது. சுருக்கமாக எழுதி ஜெயவேலுவிடமே கொடுக்கிறேன், தபாலுக்கு நேரம் இல்லை.

நான் ஊற்றின பாட்டில் கறுக்கவில்லை. இதைச் சொல்லி ஜெயிக்க எழுதவில்லை. எங்கள் தண்ணீர் உப்பு, அது உப்பாகவே இருக்கிறது. அவ்வளவுதான்.

எனக்காக நீங்கள் பாட்டிலைத் தொட வேண்டாம். பெருங்களத்தூர்க்காரர்கள் பிப்ரவரி ஆறாம் தேதி வரைக்கும் பார்ப்பதாகச் சொன்னார்கள். கடிதம் வராவிட்டால் வேறு ஆள். பரவாயில்லை, வண்டி இருக்கிறது. மேனேஜர், வேலை, கத்தி, எல்லாவற்றையும் ஒதுக்கி வையுங்கள். மாமி இன்றைக்கும் அந்தத் தண்ணீரைத்தான் குடிக்கிறார்களா? அதற்காகப் பாருங்கள்.

முடிவு தெரிகிற வரைக்கும் அந்த மருமகளிடம் கொதிக்க வைத்துக் கொடுக்கவாவது சொல்லிவிடுங்கள். காரணம் சொல்ல வேண்டாம். கொதிக்க வையென்று மட்டும் சொல்லுங்கள்.

சுவிசேஷமுத்து


சிட்லபாக்கம்,
2-2-2006

தம்பி சுவிசேஷத்துக்கு,

நான் செய்த தப்பு இதுதான்.

உன் சீட்டு வந்த அன்றே முதல் பாட்டிலில் ஊற்றினேன். மறுநாளே கறுத்தது. வாளி அழுக்காக இருந்திருக்கும் என்று, வாளியைச் சாம்பல் போட்டுத் தேய்த்து, புதுக் கயிறு மாற்றி, இரண்டாவது பாட்டிலை நிரப்பினேன். பொங்கல் அன்று காலையில் பார்த்தேன். தார் மாதிரி இருந்தது. பொங்கல் பானையை அடுப்பில் ஏற்றாமல் இறக்கி வைத்துவிட்டேன். ஜெயவேலு, “இன்னாம்மா, நல்ல நாளும் அதுவுமா அடுப்பு பத்த வெக்கல?” என்றான்.

அதற்குப் பிறகு பத்தொன்பது நாள் உனக்கு எழுதாமல் இருந்ததற்குக் காரணம் கோபம் இல்லை. எனக்கு எல்லாம் ஞாபகம் இருக்கிறது. உன் வாசலில் நின்று சொன்ன ஒவ்வொரு வார்த்தையும் ஞாபகம் இருக்கிறது. போன கடிதம் எழுதும்போதும் ஞாபகம் இருந்தது.

இன்னொன்றும் இருக்கிறது. அது உனக்குத் தெரியாது. எங்கள் பின்மனையை நான்தான் அடுக்குமாடி கட்ட விற்றேன். எட்டு வீடு. அவர்கள் கழிவறைக் குழி என் கிணற்றிலிருந்து பதினைந்து அடி. அது தோண்டும்போது நான் குடையைப் பிடித்துக்கொண்டு நின்று பார்த்தேன். மேஸ்திரி கேட்டான், “இன்னாம்மா, கெணறு இம்மாம் பக்கத்துல கீதே, அந்தாண்ட தள்ளித் தோண்டட்டா? மொதலாளிகிட்ட நான் சொல்லிக்கிறேன்.” நான் சொன்னேன், “எங்க மாமனார் வெட்டின கெணறு. அதுக்கு ஒண்ணும் ஆவாது. நீ உன் வேலையப் பாரு.” அவன் சிரித்துவிட்டுத் தோண்டினான். கூலிக்காரனுக்குத் தெரிந்தது. ஐப்பசி கார்த்திகை மழையில் குழி ரொம்பிக் கிணற்றுக்கு வந்திருக்கிறது. தண்ணீர் தெளிவாகத்தான் இருந்தது, இனிப்பாகவும் இருந்தது. முளை தடித்ததும் அதனால்தானோ என்னவோ. எனக்கு ஒன்றும் ஆகாததை வைத்து எல்லாருக்கும் ஒன்றும் ஆகாது என்று இருந்துவிட்டேன்.

மாமி போன வாரம் வீட்டுக்கு வந்துவிட்டார். எலும்பும் தோலுமாக இருக்கிறார். இன்று நான் போய் உட்கார்ந்து சொன்னேன். கிணறு கெட்டுவிட்டது, எனக்குத் தெரிந்து இருபது நாளாகிறது, பொங்கல் அன்றே கொதிக்க வைக்கச் சொன்னேனே தவிர காரணம் சொல்லவில்லை என்றேன். மாமி, “சாமுண்டி, அன்னிக்கு அவா பானையைக் கவிழ்த்தப்போ நான் உன்னைத்தான் பாவம்னு நெனச்சேன்” என்றார். திட்டியிருக்கலாம்.

மன்னிப்பு என்று ஒரு வார்த்தை எழுதி மடித்துப் போட எனக்கு வராது. செய்ய வேண்டியதை எழுதுகிறேன். மாற்றம் கிடையாது. தபாலுக்கு நாள் இல்லை, இதை ஜெயவேலுவிடமே கொடுத்தனுப்புகிறேன்.

கிணறு: கயிற்றை அறுத்துவிட்டேன். ஜெயவேலு நாளைக்குள் மேலே கல் பலகை போட்டு மூட வேண்டும், சொல்லியாயிற்று.

தெரு: இந்தக் கிணற்றில் எடுக்கிற ஒன்பது வீட்டுக்கும், தண்ணீர் கெட்டுவிட்டது என்று நானே என் கையால் எழுதிக் கொடுக்கிறேன். ஏழு கொடுத்துவிட்டேன். பாக்கி இரண்டு வீடு பூட்டியிருக்கிறது.

பின்வீட்டு அடுக்குமாடி செயலாளர்: குழியை ரோட்டுப் பக்கம் மாற்ற வேண்டும். ஆகாது என்கிறார். மனையை விற்றவள் நான், குழி அங்கே வரச் சம்மதித்தவளும் நான். மாற்றுகிற வரைக்கும் தினமும் காலையில் அவர் ஸ்கூட்டரை எடுக்கும்போது கேட் பக்கம் நான் நிற்பேன். இன்றோடு நாலு நாள். நேற்று, “பாட்டி, வழிய விடுங்க, ஆபீஸ் நேரம்” என்றார். நான் வழியை மறிக்கவில்லை, நிற்கத்தான் செய்கிறேன் என்றேன்.

மேனேஜர் ஹேமநாத்: சனிக்கிழமை பத்து மணிக்கு விடுதிக்கு நாம் இரண்டு பேரும் போகிறோம். பேசுவது நான். தண்ணீர் என்னுடையது, பச்சையாகக் கொடுக்கச் சொன்னதும் நான், மறந்துட்டேன் என்று இவன் சொன்னது பொய் என்று சொல்வேன். கறுத்த பாட்டில் இரண்டையும் மேஜையில் வைப்பேன். பெருங்களத்தூருக்கு அவர் கடிதம் எழுதித் தர வேண்டும். எழுதுகிற வரைக்கும் உட்கார்ந்திருப்பேன். ஆறாம் தேதிக்கு இன்னும் நாள் இருக்கிறது. நீ வாயைத் திறக்காதே. உன் கத்தியை மட்டும் கேட்டு வாங்கிக்கொள்.

அந்தக் குழந்தையின் தாய்: அவரிடமும் நான்தான் சொல்ல வேண்டும். கொரிய பாஷையில் எப்படிச் சொல்வது என்று நீ வழியில் எனக்குச் சொல்லிக்கொடு. ஒரு வரி போதும்.

நீ: சனிக்கிழமை எட்டு மணிக்கே இங்கே வா. கேட் பூட்டியிருக்காது. என் எவர்சில்வர் டப்பாவை மூடியோடு கொண்டு வா. பம்மல் தண்ணீர் ஒரு கேன் கொண்டு வா. போகும் முன் பயறு ஊற வைத்துவிட்டுப் போகலாம். பாதிதான் முளைக்கும், முளைத்ததும் குட்டையாக இருக்கும். இருக்கட்டும். வால் கிள்ள இரண்டு பேர் போதும்.

கொதிக்க வைக்க என் பெரிய அண்டாவைத் தேய்த்து வைத்திருக்கிறேன்.

சாமுண்டீஸ்வரி